பதினான்கு மேற்கோள்கள்

“‘உடனிருந்து உதவினேன்’ வேணாம்மா, அதை அடிங்க,” என்றார் தங்கவேலு. “என்ன உதவின்னு கேப்பாங்க. ‘வழிகாட்டக் கூடப் போனேன்’னு போடுங்க.”

அம்சவேணி அடித்து எழுதினாள். கோவைக் கல்லூரி ஒன்றில் தற்காலிகச் சமூகவியல் ஆசிரியை. பிக்கட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவர் வீட்டில், தகரப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்திருந்தாள். எண்பத்து நான்கு மார்ச்.

தங்கவேலு இலங்கையில் தலவாக்கலையில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஐந்தாவது. எழுபத்தொன்றில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டார். ஆறு வருடங்களுக்கு முன் அம்சவேணியின் ஆய்வுக்காக அவளோடு லயம் லயமாக நடந்தார். கடலுக்கு அக்கரையில் உறவு யார் மிச்சம் என்று அவள் கேட்டால், குடும்ப அட்டைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எண்பது வீட்டுக்கும் கடிதம் எழுதியவர், வந்ததைப் படித்துச் சொன்னவர் அவர்தான். வீடு வீடாகச் சம்மதம் கேட்டு, எங்கிருந்து எந்தத் தோட்டத்துக்குக் கடிதம் போகிறது என்று கோடு போட்டார். கோடுகள் சேர்ந்து படமாயிற்று. கட்டுரை என்பது அந்தப் படம்தான். இருவர் பெயரிலும் அதை அச்சிட்டாள்.

இப்போது கல்லூரியின் குழு ஒன்று அவளை அளந்தது. அந்தக் கட்டுரையைப் பிறர் பதினான்கு இடங்களில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். வேலை நிலைக்கப் பத்து வேண்டும். இருவர் எழுதியதற்குப் பாதிதான். மற்றவர் வெறும் துணையாள் என்று அவரே எழுதிக் கொடுத்தால் பதினான்கும் அவளுக்கு.

“எழுதப் படிக்கத் தெரியாதவன்னும் போடுங்க.”

“அதெல்லாம் வேண்டாமுங்ணா.”

“மனு எழுத எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களா? அரைகுறையா எழுதினா திருப்பி அனுப்பிருவான்.”

பேனா மையைக் கட்டைவிரலில் தடவி அழுத்தினார். மனைவி தெய்வம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அடி ஆத்தே! ஊருக்கே காயிதம் எழுதுற மனுசன் கைநாட்டு வைக்கிறாரு. நாளைக்கே முதியோர் பள்ளியில சேத்து விடுறேன்.”

அவர் சிரித்தார். அம்சவேணி சிரிக்கவில்லை.

ரேகை காய்ந்ததும், மேற்கோள் காட்டியவர்கள் எந்தெந்த ஊர் என்று கேட்டார். பட்டியலைப் படித்தாள். டெல்லி, லண்டன், சென்னை. பதினோராவது கண்டி.

“கண்டியில யாரு?”

“ஒரு பேராசிரியருங்க. தோட்டந் தோட்டமாப் போறவரு.”

மூத்த மகள் சின்னம்மை அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். போன ஜூலைக் கலவரத்துக்குப் பின் அவளிடமிருந்து கடிதம் இல்லை. இவர் போட்ட ஐந்தும் முத்திரையோடு திரும்பி வந்தன.

“அவருக்கு ஒரு காயிதம் போட்டா, புள்ளையத் தேடிப் பாப்பாருல்ல? என் பேரு தெரிஞ்சவருதானே.”

அம்சவேணி பட்டியலை மடித்தாள்.

“குழு என்னைப் பத்தி அபிப்பிராயம் கேட்டிருக்கறதே அவருகிட்டத்தானுங்ணா. உங்க பேர்ல எது போனாலும் நான் ஆள் விட்ட மாதிரி ஆயிருமுங்க. நானும் எழுதக் கூடாது.”

“எது வரைக்கும்?”

“ஐப்பசி ஆயிருமுங்க.”

தெய்வம்மா அகப்பையோடு வந்து நின்றாள். “புள்ள உசுரோட இருக்காளான்னு தெரியாம ஐப்பசி வரைக்குமா? கிழிங்க அதை.”

அம்சவேணி காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். “எடுத்துக்குங்ணா.”

அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் ஒருபோதும் திரும்ப வாங்கியதில்லை. காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார்.

“கொண்டு போங்கம்மா. கடைசி பஸ் போயிரும்.”

தெய்வம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தங்கவேலுவுக்கு ஆறாம் நம்பர் மலையில் மழைநீர் வடியக் கான் வெட்டும் வேலை. ஏழு மணிக்குப் போனார். மதியம் ரொட்டி சாப்பிட்டார். தபால்காரர் மூன்று வீட்டுக்குக் கடிதம் கொண்டுவந்தார்; அதில் இவர் வீடு இல்லை. நாலு மணிக்கு மழை பிடித்ததால் கொழுந்து நிறுப்பது தாமதமானது. தெய்வம்மாவுக்குப் பதினெட்டு கிலோ.