கிளச் டிரம்மில் ஒரு சிவப்புக் கோடு

1. முதல் நாள்

"காது நல்லாய்க் கேக்குமோ?"

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேர்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பேசியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். ஓம் என்றேன். காதில் அடைக்கக் கொஞ்சம் பஞ்சை என் கையில் திணித்துவிட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தார்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிறிய எஞ்சின் பட்டறை. எழுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் படிக்க வந்தவன் நான். மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறியதால் விசாவைக் காப்பாற்ற லேத் வேலைக்குப் போனேன்.

முன்னறையில் கார், டிராக்டர் எஞ்சின்களின் சிலிண்டர்களைக் கடைந்து கொடுப்போம். பின்னறையில் நின்றது வேறு சாமான். ஒரே சட்டத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு பிரிட்டிஷ் எஞ்சின்கள், சங்கிலியால் பிணைத்தவை. காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு சூப்பர்சார்ஜர். பெற்றோல் இல்லை, மெத்தனோலில் நைட்ரோமீத்தேன் கலந்து ஊற்றினார்கள். ஸ்டார்ட் செய்ததும் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. புகை கண்ணை எரித்தது, மூச்சை அடைத்தது. கால் மைல் தூரத்தை ஒன்பது செக்கனுக்குள் நேராக ஓடி முடிக்க மட்டும் கட்டிய மோட்டார் சைக்கிள் அது. வளைவில் திருப்ப முடியாது.

அதை ஓட்டியவர் கேர்ட்டின் தம்பி டீட்டர். மற்ற நாட்களில் அவர் நகர பஸ் சாரதி. காலையில் அவருடைய பஸ்ஸில்தான் நான் வேலைக்குப் போவேன். வயதானவர்கள் ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்க மாட்டார். அந்த மனிதர் எப்படி இந்த மிருகத்தில் ஏறுகிறார் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

2. வெள்ளிக்கிழமை

இரண்டாவது வருடம், ஒரு போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, கிளச்சைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. கிளச் தட்டுகளைச் சுற்றியிருக்கும் உருக்கு டிரம், அந்த இரண்டு எஞ்சின்களின் முழு இழுவையையும் தாங்கும் பாகம். அதை வெடிப்புச் சோதனை செய்தேன். முறை இலேசானது. சிவப்புச் சாயம் பூசி ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை மாவு விசிற வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுத்தது. ஒரு பள்ளத்தின் அடியில் நகத்தளவு நீளத்தில் மெல்லிய சிவப்புக் கோடு.

கேர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கிலாந்தில் சொல்லியிருந்த புது டிரம் இன்னும் வரவில்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாள் தாங்குமோ?"

தாங்காது என்று எனக்குத் தெரியும். "தாங்கக்கூடும்" என்றேன்.

அடுத்த மாதம் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பயம் முழுவதும் என்னுடையது.

பின்னேரம் டீட்டர் வந்தார். அண்ணன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்து கேட்டார்.

"நீதானே பாத்தனி. நான் இதில ஓடலாமோ?"

"அண்ணனுக்குத் தெரியும். அவரைக் கேளுங்கோ."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் டிரம்மை எஞ்சினில் திரும்பப் பூட்டினேன். என் கையால்தான் பூட்டினேன்.

3. ஓடுபாதை

பழைய விமானத்தளம் ஒன்றின் ஓடுபாதையில் போட்டி. முதல் இரண்டு ஓட்டங்களும் சுகமாக முடிந்தன. கேர்ட் என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது ஓட்டத்தில், பாதியைத் தாண்டியதும், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் இன்னொரு சத்தம் கேட்டது. தகரத்தில் கோடாலி விழுந்த மாதிரி. மோட்டார் சைக்கிள் விழவில்லை. டீட்டர் அதை நேராகப் பிடித்து, வேகம் அடங்கும்வரை கொண்டுபோய், பிறகுதான் சரிந்தார். நாங்கள் ஓடிப் போனபோது டிரம் வெடித்துச் சிதறி, கிளச் மூடி இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே துண்டாகத் தொங்கியது. என் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினேன். அவர் கத்தவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அது ஏற்கனவே நின்றிருந்தது.

4. விசாரணை

நாலைந்து நாளில் இன்சூரன்ஸ் கம்பனியிலிருந்து காப்புறுதிக்காரர் பட்டறைக்கு வந்தார். உடைந்த துண்டுகளை மேசையில் பரப்பினார். ஒரு துண்டின் முறிந்த விளிம்பில் ரோசா நிறமாய் ஒரு கறை.

"இது என்ன சிவப்பு?"

"பெயின்ட்" என்றார் கேர்ட்.

காப்புறுதிக்காரர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னால் மழுப்ப ஏலாமல் போய்விட்டது. சோதித்ததையும், வெடிப்பைக் கண்டதையும், தெரிந்தே பூட்டியதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

அந்தக் கையெழுத்தோடு என் வேலை போனது. அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது வேறு. பழுது என்று தெரிந்தே ஓடவிட்ட வண்டிக்குக் காப்புறுதி இல்லை என்று டீட்டருக்குக் கடிதம் வந்தது. கால் போனவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் வாக்குமூலத்தால்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போர்வை இடது பக்கத்தில் தட்டையாகக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து போன வசனங்கள் பாதியில் நின்றுவிட்டன.

"நீ பொய் சொல்லியிருக்க வேணும் எண்டு நான் சொல்லேல்லை" என்றார். "ஆனால் வெள்ளிக்கிழமை நான் உன்னை எல்லோ கேட்டனான்."

பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மறுபடி பஸ் ஓட்டவில்லை. டிப்போவில் தொலைந்த சாமான்கள் கொடுக்கும் யன்னலில் உட்கார்ந்திருக்கிறார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

5. என்னிடம் வேலை பழகியவர்களுக்கு

அடுத்த வருடம் வேறு ஊரில், ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். என்னிடம் வேலை பழகியவர்களுக்கு நான் ஒரே ஒரு சட்டம்தான் வைத்தேன். வெடிப்புக் கண்டால் அந்தப் பாகத்தை அதே இடத்தில் இரும்பு அறுக்கும் வாளால் இரண்டாக அறுத்துவிடு. முதலாளியிடம் அதற்குப் பிறகு போ. நல்ல பாகத்தை அறுத்துவிட்டாய் என்று ஏசுவார், ஏசட்டும். அறுத்த துண்டைக் காட்டித் தாங்குமா என்று ஒருவரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். உனக்கும் பதில் சொல்ல வேண்டி வராது. நான் அந்தப் பதிலைச் சொல்லத் தெரியாதவனாக இருந்தேன்.