கூட்டிப் பெருக்கிய தேக்கங்காடு

றஊபுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். கந்தளாய் வீதியோரத்துத் தேக்கங்காட்டுக்கு அவனைக் காவல் போட்டதே அதற்காகத்தான் என்று கிண்ணியாவில் சொல்வார்கள். விறகு பொறுக்க வந்தவனை அடித்தான். மான் தேடி வந்தவனின் துவக்கைப் பிடுங்கி, அதன் பிடியாலேயே அவன் தோளை உடைத்தான். பெண்சாதி அசனா அடி தாங்காமல் தாய்வீடு போனவள் திரும்பி வரவேயில்லை. ஐம்பத்தெட்டாம் ஆண்டில் தன் கையால் நட்ட அந்தக் காடு ஒன்றுதான் அவனுக்கென்று மிஞ்சியது.

காட்டை அவன் வீட்டு முற்றம் போல வைத்திருந்தான். தேக்கு இலை உதிர்க்கும் வெயில் காலம் முழுக்கக் கூட்டுவான், குவிப்பான், கொளுத்துவான். சருகு கிடந்தால் காட்டுத்தீ வரும் என்பது அவன் எண்ணம். முதல் மாரிகளில் சாம்பல் விழுந்த மண்ணில் மரங்கள் தளதளவென்று துளிர்த்தன. பார்க்க வந்தவர்கள் புகழ்ந்தார்கள். கோபக்காரனைப் புகழ்ந்தால் அவன் இன்னும் கெட்டுப்போவான், றஊப் கெட்டுப்போனான்.

அவனுடைய அக்கா, பல்கீஸ் ராத்தாவின் புருஷன் முனாப் மாட்டுக்காரன். வயல் விளையும் நாட்களில் மாடுகளைக் காட்டுப்பக்கம் ஓட்டிப்போய், முள் வெட்டி வளைத்துப் பட்டி அடைப்பது மாட்டுக்காரர் வழக்கம். தேக்கங்காட்டுக்குள், நாற்றுப் பிழைக்காத ஒரு வெட்டைவெளியில், முனாப் பட்டி போட்டான்.

"மச்சான், மாட்ட வெளிய எடுங்க. என்ட காடு நாறுது."

"உன்ட வாப்பா வெச்சிட்டுப் போன காடா இது? வயல் வெட்டினதும் எடுக்கிறன், போ."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மறுநாள் கச்சான் காற்று ஊளையிட்டு அடிக்கிற உச்சி வெயிலில், பட்டிக்குப் பக்கத்துச் சருகுக் குவியலில் றஊப் நெருப்பு வைத்தான். புகை பட்டால் மாட்டை எடுப்பான் என்று நினைத்தானாம். வைத்த நெருப்பு புகையோடு நிற்குமா? முள்வேலியில் ஏறிப் பட்டியை வளைத்தது. பெரிய மாடுகள் மேயப் போயிருந்தன. உள்ளே கட்டிக்கிடந்த கன்றுகள் கத்திக் கத்தி வெந்தன. ஓடிவந்த முனாப் எரிகிற வேலியைக் கையால் பிய்த்தான். இடது கையில் முழங்கை வரை தோல் கழன்றது. மற்றக் கையில் கத்தியோடு அவன் பாய்ந்தபோது, றஊப் தடியை ஓங்கி அந்த வெந்த கையிலேயே அடித்தான். சொல்லவே வாய் கூசுகிறது.

கை கோணிப்போய்விட்டது. பொலிசுக்குப் போகப் புறப்பட்ட புருஷனின் காலைப் பிடித்துத் தடுத்தவள் பல்கீஸ். அதன்பிறகு அவள் தம்பியோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கன்றுகளைப் புதைத்த வெட்டையில் அந்த மாரியிலேயே றஊப் புதுநாற்று நட்டான். அவ்வளவு நெஞ்சழுத்தம் அவனுக்கு.

பத்து வருடம் போவதற்குள் மூத்த மரங்களின் உச்சி காயத் தொடங்கியது. இலை சிறுத்து மஞ்சளித்தது. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று, அவ்வழியே போன இரண்டு பேரின் மண்டையை றஊப் உடைத்தான். மரம் பச்சையாகவில்லை. கடைசியில் ஓர்ஸ் ஹில் வன இலாகா கந்தோரிலிருந்து அருளம்பலம் என்ற அதிகாரி வந்து மண்ணைக் கிண்டிப் பார்த்தார்.

"மண்ணிலையிருந்து எடுத்ததை மரம் இலையாத் திருப்பிக் குடுக்குது. அதை நீர் கொளுத்தினால் ஒரு பங்கு புகையாப் போகும். சாம்பலை மாரித் தண்ணி அள்ளிக்கொண்டு போகும். பிறகு மரம் என்னத்தைத் தின்னும்? இப்பிடியே கிடந்தால் முழுக்கத் தறிச்சு விறகாக்கச் சொல்லித்தான் நான் எழுத வேணும்."

அதிகாரி நடந்துபோய் அந்த வெட்டையில் நின்றார். காட்டிலேயே இளைய மரங்கள் அவை. மூத்தவற்றைத் தாண்டி, சுளகு அகல இலையோடு கறுத்து நின்றன.

"இதிலை என்ன போட்டனீர்?"

"மாட்டுப்பட்டி இருந்த இடம், ஐயா." கன்றுகளைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

"அப்ப அந்த மாட்டுக்காரனைத் திரும்பக் கூப்பிடும். இலையைத் தொடாதையும். வாற வருசமும் உச்சி காய்ஞ்சால் தறிப்புத்தான்."

றஊப் கிண்ணியாவுக்குப் போய் முனாப்பின் முற்றத்தில் நின்றான்.

"மச்சான், காட்டத் தறிக்கப் போறாங்க. பட்டியக் கொண்டு வாங்க."

முனாப் நல்ல கையால் மாட்டுத் தடியை எடுத்து முகத்தில் அடித்தான். பல்லும் இரத்தமும் மண்ணில் விழுந்தன. தோளில் அடித்தான், முதுகில் அடித்தான். வாழ்நாள் முழுக்க முந்திய றஊபின் கைகள் அன்று தொங்கிக்கொண்டு கிடந்தன.

"இன்னும் அடிங்க மச்சான். மாட்ட மட்டும் தாங்க."

குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்த பல்கீஸ் நடுவில் விழுந்தாள். "போதும், விடுங்க! என்ட தம்பி செத்திருவான்."

முனாப் தடியை எறிந்தான். மூச்சு வாங்கியபடி அந்தக் கோணல் கையை நீட்டினான்.

"மடியில இருக்கிற நெருப்புப்பெட்டியத் தா. மாடு வரும். இனி உன்ட கையில நெருப்பு இருக்கப்படாது."

றஊப் சாரன் மடியை அவிழ்த்துக் கொடுத்தான்.

இலை மண்ணில் கிடந்து மக்கியது, மாட்டுப்பட்டி இடம் மாறி மாறிக் கிடந்து எருப் போட்டது, காடு தப்பியது. பீடியை மட்டும் றஊப் சாகும்வரை விடவில்லை. ஒவ்வொரு பீடிக்கும் பட்டிவரை நடந்துபோய், அந்தக் கோணல் கைக்கு முன்னால் குனிந்துதான் பற்றவைத்துக்கொண்டான்.