தண்ணீரைப் பார்த்து வெட்டியவர்

பத்து பாகாட் ஊரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கிச் சொன்னார், தச்சர் சவரிமுத்து போய்விட்டார் என்று. காய்ச்சல். நான்கே நாள். நான் இப்போது வேலை பார்க்கும் ஜொகூர் பாரு ஐஸ் தொழிற்சாலையின் வாசலில் நின்றிருந்தேன். பின்னால் குளிர்கோபுரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அந்தச் சத்தத்தையே கேட்டேன்.

பத்து பாகாட் ஐஸ் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அங்குள்ள குளிர்கோபுரம் தெரியும். இயந்திரத்தைக் குளிர்வித்துச் சூடாகி வரும் தண்ணீரைப் பம்பு உச்சிக்கு ஏற்றும். அங்கே நான்கு நீண்ட மரத்தொட்டிகள்; பக்கப் பலகைகளில் வரிசையாக வெட்டுகள். தண்ணீர் அவற்றில் வழிந்து, கீழே அடுக்கிய சட்டங்களில் சிதறி, துளித்துளியாகக் காற்றில் ஆறி இறங்க வேண்டும். ஒரு பக்கம் வறண்டால் காற்று அந்தப் பக்கமாகவே போய்விடும். மறுபக்கத் தண்ணீர் சூடாகவே இறங்கும். ஐஸ் உறையாது.

ஒரு மாதம் அப்படித்தான் ஆனது. மீன் படகுகள் ஐஸுக்குக் காத்துக் கிடந்தன.

நான் அப்போது அங்கே கிராணி, ஆபீஸ் எழுத்தர். படித்தவன். அடிக்கோலோடு ஏறினேன். வரைபடத்தில் எல்லா வெட்டுக்கும் ஒரே ஆழம். இரண்டு தொட்டிகளில் அப்படி இல்லை. ஆற்றுப் பக்கம் மேலோட்டமாக, சாலைப் பக்கம் போகப்போக ஆழமாக, புதிதாக வெட்டியிருந்தார் சவரிமுத்து. தச்சர் கவனமின்றித் தொட்டிகளைக் கெடுத்துவிட்டார் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். அழகான கையெழுத்தில். தச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவரைச் சனிக்கிழமைக்குள் வேலையையும் கம்பெனி வீட்டையும் விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் மனைவி பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

சனிக்கிழமை காலை சவரிமுத்து ஒரு சாக்குப்பையோடு வந்தார். அதற்குள் காப்பிக்கடையில் சேர்த்த காலிப் பால் டின்கள், பன்னிரண்டு.

"கிராணியாரே, தண்ணிக்குப் பரீட்சை வைப்போமா? நீங்களே மார்க் போடுங்க."

மேனேஜரும் வேடிக்கை பார்க்க வந்தார். டின்களை ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, சவரிமுத்து கை வைக்காத தொட்டியின் கீழ் தள்ளி, இருபது வரை எண்ணி வெளியே இழுத்தோம். ஆற்றுப் பக்க டின்கள் வழிந்தன. சாலைப் பக்க டின்களில் அடிதான் நனைந்திருந்தது.

பிறகு அவர் வெட்டிய தொட்டியின் கீழ்.

குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு டின்னிலும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் அடிக்கோலை விட்டுப் பார்த்தேன். நம்ப முடியாமல் மறுபடியும் விட்டேன். ஒரு கோணல் கோபுரத்தின் உச்சியில், உளியும் கண்ணும் கொண்டு, ஒரு மனிதர் தண்ணீரைச் சமமாகப் பங்கிட்டிருந்தார்.

"கோபுரம் ஆத்துப் பக்கம் சேத்துல இறங்கிப்போச்சுங்க," என்றார். "பலகையைப் பார்த்தா என் வெட்டு கோணல்தான். நான் தண்ணியைப் பார்த்து வெட்டினேன்."

மற்ற இரண்டு தொட்டிகளையும் முடிக்கச் சொல்லிவிட்டு மேனேஜர் போனார். சவரிமுத்து வீட்டில் பாத்திரக் கட்டு அவிழ்ந்தது. அடுத்த வாரம் ஐஸ் கல்லாக உறைந்தது.

நான் எழுதியதைக் கிழித்துவிடுவதாகச் சவரிமுத்துவிடம் சொன்னேன். எழுதியது நான்தான் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"கிழிக்காதீங்க. அதுக்குக் கீழயே இதையும் எழுதுங்க."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். 'கவனமின்றி' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிச் சிரித்தார். "இது நல்லா இருக்கு. கோபுரத்தைச் சேத்துல நட்ட நம்ம மேஸ்திரிக்கு எடுத்து வைங்க."

அந்த டின்களில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. விளிம்பு துருவேறிவிட்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், எதையும் எழுதுமுன் வரும் ஒரு தயக்கமும்.

நேற்று இங்குள்ள கோபுரத்துக்குப் போனேன். அடிக்கோல் பையிலேயே கிடந்தது. டின்னைத் தண்ணீருக்கு அடியில் நீட்டி, இருபது எண்ணினேன்.