திட்டு வாங்கியவரின் ஆசி

கிராம்பு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியபடி மேடையோரம் நிற்கிறார் கோப்பெல். ஓய்வுநாள் காலையில் தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்கும்போது ஏழு பேரை மேடைக்கு அழைப்பது வழக்கம். முதல் இரண்டு அழைப்பும் ஆசாரிய வம்சத்துக்கும் லேவியருக்கும் போய்விடும். மிச்சம் ஐந்து. அன்று எழுதக் கூடாது என்பதால் யாரை அழைத்தாயிற்று, யார் பாக்கி என்பதெல்லாம் அந்த ஐந்து விரலில்தான் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அறுபதுக்குக் குறையமாட்டார்கள். அத்தனை பேர் பார்வையும் அந்தக் கையின் மேலேயே இருக்கும்.

ஜெருசலேமில், சந்தைக்குப் பின்சந்தில் இருக்கும் எங்கள் சின்ன ஜெபக்கூடத்துக்கு அவர்தான் காரியஸ்தர். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு. ஆறாவது அழைப்பு கௌரவமானது என்று எவரோ எப்போதோ சொல்லிவைத்ததால், ஐந்தாவதாக அழைக்கப்பட்டவர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அழைக்கப்படாதவரின் மனைவி கோப்பெலின் மனைவி ரைஸெலை மீன் கடையில் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "ஊருக்கெல்லாம் அது ஓய்வுநாள். எனக்கு மட்டும் அன்னிக்குத்தான் வேலைநாள்" என்பார் கோப்பெல். ஒவ்வொரு வருஷமும் பொறுப்பை விடுவதாகச் சொல்கிறார். எங்களுக்கும் சம்மதம்தான். அடுத்த ஆள் யார் என்று கேட்டதும் அறுபது பேரும் ஜெபப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறோம்.

கிராம்பு விஷயம் இதுதான். யாராவது கத்த ஆரம்பித்தால் அதை நாக்குக்கு அடியில் தள்ளிக் கடித்துவிடுவார். வாய் எரியும்போது பதில் பேச வராது. ஓய்வுநாள் காலையில், சடங்குக்கு முன்னால், கிராம்பு வாயில் இருக்கலாமா என்று ஒரு சர்ச்சையும் உண்டு. உணவென்றால் இன்னும் நேரமாகவில்லை, மருந்தென்றால் ஓய்வுநாளில் கூடாது. இரண்டு பேர் பல வருஷங்களாக இதை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பெல் இருவருக்கும் தலையாட்டுகிறார், கிராம்பை மட்டும் துப்புவதில்லை.

வாரநாளில் அவருக்குத் தொப்பிக் கடை. புதுத் தொப்பி விற்பதைவிடப் பழையதைச் செப்பனிடுவதுதான் அதிகம். மழையில் நனைந்து சோர்ந்த கறுப்புத் தொப்பியை ஆவியில் காட்டி, கட்டையில் மாட்டி, விளிம்பை இழுத்து நிமிர்த்துவார். பழுதைப் பார்த்து ஆளைச் சொல்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. "கோவக்காரன் தொப்பிக்கு முன்விளிம்பு ஒடைஞ்சிருக்கும், கழட்டி மேசையில அடிக்கிறான்ல. பொறாமைக்காரன் தொப்பி பின்னால சாஞ்சிருக்கும். அடுத்தவன் மாடியை அண்ணாந்தே பாத்துட்டிருந்தா வேற எப்படி இருக்கும்?" அவருடைய தொப்பியிலோ இரண்டு பழுதும் இருக்கிறது. கேட்டால், "நான் என்ன மரக்கட்டையா?" என்பார்.

பலர் முன்னால் அவமானப்பட்டும் வாய் திறக்காதவன் அந்தச் சூட்டோடு சூடாகத் தரும் ஆசி பலிக்கும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் நம்புகிறார்கள். அதனால் கோப்பெலை யாராவது திட்டி முடித்ததும் அவர் முன்னால் ஒரு சிறு வரிசை நிற்கும். பெண்ணுக்கு வரன் வேண்டும் என்பவர், முதுகு வலிக்காரர், வழக்கு இழுத்துக்கொண்டு போகிறவர். ஒருமுறை ஒரு தாய், மகளுக்கு வரன் அமையாத கவலையில், தன் அண்ணனையே ஏவிவிட்டு அவரோடு சண்டை போடச் சொன்னாளாம். அந்த அண்ணனோ சாதுவான ஆள். "நீங்க... நீங்க ஒரு... சரியில்ல, ரெப் கோப்பெல்" என்றார், திட்டும்போதும் 'ரெப்' என்ற மரியாதைச் சொல்லை விடாமல். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. கோப்பெல் அந்தப் பெண்ணுக்கும் ஆசி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "திட்டும்போது ஒருத்தன் குறுக்க வரமாட்டான். திட்டி முடிஞ்சதும் வரிசையில நிப்பான். நல்ல ஊருய்யா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் மட்டும் அசதி இருந்தது.

அவருக்குப் பிள்ளை இல்லை. இந்த ஊரில் அது சின்னக் குறை அல்ல. எங்கள் தெருவில் தள்ளுவண்டிக் குழந்தைகளை விலக்காமல் ரொட்டி வாங்கக்கூடப் போகமுடியாது. இதில் பெண் குழந்தை பிறந்தால் பெயர் சூட்டுவது தோரா மேடையில், அதுவும் காரியஸ்தர் வாயால். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பெயரும் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது என்று சொல்லியிருக்கிறார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தைக்கு வைக்கப்போகும் பெயரைத் தகப்பன் அவர் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லவேண்டும். அவர் அறிவிக்கும்வரை வேறு யாருக்கும் தெரியக்கூடாது. "அந்தப் பேரை ஒலகத்துலயே மொதல்ல சத்தமா கூப்பிடறது யாரு? நான்தானே! பெத்தவனுக்குக்கூட அந்தக் குடுப்பினை இல்ல." பொறாமையை விரட்டப் பார்த்தால் அது பின்வாசலால் திரும்பி வரும், அதற்கு ஏதாவது வேலை கொடுத்து உட்காரவைக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வேலையும் சில நாள் அலுத்துவிடும் என்பதையும் அவரே சொல்வார்.

போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் நாட்காட்டியில் சில வருஷம் அதார் மாதம் இரண்டு முறை வரும். அதாரில் இறந்தவருக்கு நினைவுநாள் முதல் அதாரிலா, இரண்டாவதிலா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். தகப்பன் நினைவுநாள் வரும் வாரம் மகனை மேடைக்கு அழைத்தே ஆகவேண்டும். குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கும் அன்ஷெலின் தகப்பனார் அதாரில் இறந்தவர். போன முறை இப்படி இரட்டை அதார் வந்தபோது, முதல் அதாரில் அன்ஷெல் கடலோர ஓட்டலில் அறை எடுத்திருந்தார். "எங்கப்பாவுக்கு இனிமே ரெண்டாவது அதார்தான், குறிச்சுக்குங்க" என்று கோப்பெலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கோப்பெல் அதை மறக்கவில்லை. சொன்னவர் மறந்துவிட்டார்.

போன குளிர்காலத்தில் மறுபடியும் இரட்டை அதார் வந்தது. அன்று முதல் அதாரில் ஓர் ஓய்வுநாள், வெளியே நல்ல மழை. ஒரு கல்யாண மாப்பிள்ளை, ஒரு புதுத் தகப்பன் என்று விரல்கள் மடங்கிக்கொண்டே போயின. ஐந்தாவது விரலும் மடங்கியபோது அன்ஷெல் எழுந்து மேசையில் ஓங்கி அடித்தார்.

"எங்கப்பன் இந்தக் கூடத்துக்குக் கல்லு சுமந்தவரு! அவரு பேருக்கு ஒரு அழைப்பு கெடையாதா? ஏன்யா கோப்பெல், உன்கிட்டப் போய்க் கேக்கறேன் பாரு, உனக்கு என்ன தெரியும்? அப்பன்னா என்ன, புள்ளைன்னா என்னன்னு தெரிஞ்சவன் செய்யற வேலையா இது? நாளைக்கு நீ செத்தா உனக்கு ஜெபம் சொல்ல ஒரு நாதி உண்டா?"

மேல்தளத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரைஸெல் அங்கேதான் உட்காருவாள். செத்த தகப்பனுக்கு மகன் ஜெபம் சொல்வது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துதான் அன்ஷெல் அந்த இடத்தில் கைவைத்தார். கோப்பெல் வாயைத் திறந்தார். அந்த ஓட்டலின் பெயரைச் சொன்னால் போதும், அப்பன் நினைவுநாளைத் தள்ளிப்போட்டுக் கடலில் குளிக்கப் போனவர் என்று அன்ஷெலின் மானம் அறுபது பேர் முன்னால் கப்பலேறியிருக்கும். கோப்பெல் திறந்த வாயை மூடிக்கொண்டார். சுருளின் ஓரத்தைச் சரி செய்து, வாசிப்பவரைப் பார்த்து, "தொடருங்க" என்று கையைக் காட்டினார்.

வழிபாடு முடிந்ததும் வழக்கமான வரிசை நிற்கவில்லை. அன்றைக்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எல்லாரும் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு நழுவினார்கள். ஒருவன் மட்டும் நின்றான். அன்ஷெலின் மருமகன் நோஸன். அன்ஷெலுக்கு ஒரே மகள், அவளைக் கட்டியவன் இவன். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை.

"நான் கேக்கக் கூடாது, ரெப் கோப்பெல். மாமா பேசின பேச்சுக்கு நான் இங்க நிக்கறதே தப்பு. ஆனா... எட்டு வருஷம். போகாத டாக்டர் இல்ல."

கோப்பெல் வாசற்பக்கம் பார்த்தார். அங்கே அன்ஷெல், காலணி உறை காணோம் என்ற சாக்கில், குனிந்தபடியே இருந்தார்.

"நீ கேக்கறது உனக்கு மட்டும் இல்ல, தெரியுதா?" என்றார் கோப்பெல்.

"தெரியுது."

"உன் சம்சாரம் பேரு? அம்மா பேரோட சொல்லு."

"பிரெய்ந்தல். ஹென்யா மக."

கோப்பெல் அவன் தலைமேல் கையை வைத்து, ஆசியை மடமடவென்று சொல்லி முடித்தார். நோஸன் அவர் கையை முத்தமிட்டுவிட்டு மாமனாரோடு மழையில் இறங்கினான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பெரிய மனசுய்யா உமக்கு" என்றேன்.

"மண்ணாங்கட்டி" என்றார் கோப்பெல். ஜெபச் சால்வையை மடிக்காமல் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "வாய் என்னவோ நல்லாத்தான் சொல்லுச்சு. உள்ள நான் என்ன சொன்னேன் தெரியுமா? பொறக்கட்டும், ஆனா அந்தக் குழந்தை அன்ஷெல் மடிக்கு மட்டும் போகக் கூடாதுன்னேன். வாழ்த்தற நேரத்துல! அந்தப் பையன் நம்பி வாங்கிட்டுப் போறான். ரொட்டிக்குள்ள கல்லை வெச்சுக் குடுத்துட்டேன்யா."

"யாருக்குத்தான் வராது? வீட்டுக்கு வாரும். ஓய்வுநாள் குழம்பு நேத்துலேர்ந்து அடுப்புல காத்துட்டிருக்கு."

அவர் எழவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். ஜன்னலில் மழை அடித்தது. எனக்குப் பசி. அவர் யாரிடமோ வழக்குப் பேசுவதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குப் புள்ளை கெடையாது, ஒரே பொண்ணு" என்றார் திடீரென்று. "அந்தப் பொண்ணுக்கும் இல்ல. அப்போ அவன் செத்தா யாரு ஜெபம் சொல்லுவா?"

நான் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ராத்திரியெல்லாம் அவன் தன்னையே கேட்டுக்கற கேள்வியத்தான் இன்னிக்கு எம்மேல வீசிட்டான். அவ்வளவு கரெக்டா எங்க குத்தணும்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவனுக்கும் அங்கதானே வலிக்குது."

சொன்னவர் எழுந்தார். மெதுவாக எழுகிறவர்தான், அன்று அப்படி எழவில்லை. சால்வை தோளில் தொங்க, மழையில் இறங்கி, வழுக்கும் கல்படிகளில் ஓட ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். "ரெப் கோப்பெல், கால் வழுக்கும்!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

சந்து முனையில் அவர்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். மாமனார் முன்னால், மருமகன் நாலடி பின்னால், பேச்சில்லாமல்.

"நோஸன்! நில்லுப்பா! மொதல்ல சொன்னது செல்லாது!"

இருவரும் திரும்பினார்கள். அன்ஷெல் முகம் வெளுத்துவிட்டது. நடுத்தெருவில் பாக்கி தீர்க்க வருகிறார் என்று நினைத்துவிட்டார் போலும். இரண்டு எட்டு பின்வாங்கிச் சுவரில் முதுகை ஒட்டினார். "என்ன... என்ன வேணும் உமக்கு?" என்றார். ஜெபக்கூடத்தில் கேட்ட குரல் அதில் இல்லை.

"உம்மகிட்ட ஒண்ணும் வேணாம். பையனுக்குச் சொன்னதுல ஒரு கோளாறு ஆயிடுச்சு. மறுபடியும் சொல்லணும்."

நோஸன் ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்தான். கோப்பெல் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றார். கையைத் தூக்கினார், வைக்கவில்லை. பிறகு சுவரோரம் நின்ற அன்ஷெலின் வலது கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்து, மருமகன் தலைமேல் வைத்து, அது நழுவாதபடி அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார்.