கடலை மடித்த காகிதம்

கடலை தின்று முடித்ததும் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நேற்றும் கடற்கரையில் அப்படித்தான். ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். பாதிக் கணக்கு தப்பு. "கண்ட காயிதத்தையும் படிக்கணுமா?" என்று மனைவி வழக்கம்போல முகம் சுளித்தாள். நான் என்ன செய்ய? ஒரு காலத்தில் தூத்துக்குடியே எங்கள் காகிதத்தில்தான் கடலை தின்றது. அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

எழுபதுகளின் பின்பாதி. துறைமுகச் சாலையில் உப்பளங்களைத் தாண்டி எங்கள் உரத் தொழிற்சாலை. ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறி வந்து இறங்கினால் முதலில் அம்மோனியா மூக்கைத் துளைக்கும். அப்புறம் கருவாடு. காற்று திசை மாறினால் ஈர உப்பு. இந்த மூன்றும் எட்டாத ஒரே இடம் கம்ப்யூட்டர் அறை. அங்கே ஏ.சி. உண்டு. வாசனை என்றால், தட்டச்சு மெஷின் போலத் தானே காகிதத்தில் அடிக்கிற டெலிபிரிண்டரின் ரிப்பன் மையும் எண்ணெயும் மட்டும்தான். இன்றும் தையல் கடை வாசலில் அந்த எண்ணெய் வாசனை வந்தால் நின்றுவிடுவேன். சட்டை தைக்க வந்தவன் என்று நினைத்துத் தையல்காரர் டேப்பை எடுப்பார். எனக்கு வெட்கமாகப் போய்விடும்.

கம்ப்யூட்டர் என்றதும் இப்போதைய மடியில் வைக்கிற சாமானை நினைத்துவிடாதீர்கள். எங்கள் மெஷின் இரும்பு பீரோ அளவு இருக்கும். முகம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். எல்லா வேலைக்கும் முறை வைத்துக் கொடுக்கிற ஒரு மூல நிரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய பிள்ளைகள் அதைக் கெர்னல் என்கிறார்கள். நாங்கள் மானிட்டர் என்போம். தொட்டியின் மட்டம் பார்ப்பது, குழாயின் அழுத்தம் பார்ப்பது, எங்காவது கோளாறு என்றால் மணியடிப்பது என்று எல்லாம் அதன் பொறுப்பு.

அதோடு, நடப்பதை எல்லாம் ஒரு வரி விடாமல் டெலிபிரிண்டரில் அடிக்கவும் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மெஷினைப் பொருத்துகிற காலத்தில் அது தேவைதான். பொருத்தியவர்கள் ஊருக்குப் போகும்போது எடுக்க மறந்துவிட்டார்கள். 'கடிகாரம் தட்டியது' என்று ஒரு வரி. 'மட்டம் பார்த்தேன்' என்று ஒரு வரி. பார்த்ததை எடுத்து வைத்தேன் என்று இன்னொன்று. டெலிபிரிண்டரோ மாட்டுவண்டி. அது ஒரு வரியை அடித்து முடிக்கும்வரை மானிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அடித்த காகிதம் மலையாகக் குவியும், எடைக்குப் போகும், வாசலில் கடலை விற்கிற அண்ணாச்சியிடம் போய்ப் பொட்டலமாகும்.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். நானும் ரோசலினும். அவள் கடற்கரைத் தெருப் பெண். கணக்கில் பட்டம் வாங்கியவள். என்னை "ஸ்ரீவைகுண்டத்துக்காரரே" என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். அறையின் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் மத்தியான வெயிலில் தோணிப் பாய்கள் மெதுவாக நகர்வது தெரியும். அவற்றில் எது அப்பா தோணி என்று அவளுக்குத் தெரியும். எனக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். சில நேரம் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருப்போம்.

ஒருநாள் தண்ணீர் பம்பு ஒன்று நின்றுவிட்டது. பம்பு ஆள் நனைந்த சட்டையோடு எங்கள் அறைக்கே ஓடிவந்து சொல்லி, எங்கள் பானையில் தண்ணீரும் குடித்து முடித்த பிறகுதான் எங்கள் மணி அடித்தது. "உங்க மணி அடிக்கதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி குளிச்சிட்டே வந்திருவேன்" என்றார். தொழிற்சாலை முழுக்க இதே சிரிப்பு. சிரிப்பு சென்னை வரைக்கும் போய், ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் முன்னால் மணி தாமதித்தால் மெஷினைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

எனக்கென்ன, வேறு பிரிவில் போட்டுவிடுவார்கள். ரோசலினின் வேலை தற்காலிகம்; மெஷின் இருக்கிறவரைதான் அவள். "இது போச்சுன்னா நானும் வீட்டுக்குப் போவேண்டியதுதான். அங்கன அவங்க பாத்து வச்ச மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்கான்" என்று சிரித்தாள். ஆனால் கை மெஷினின் மேல் இருந்தது. அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் மேனேஜர் உடன்குடிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி: "இன்னும் நாலு இடத்துல வரி அடிக்கச் சொல்லுலே, தெரிஞ்சிரும்." அடிக்கச் சொன்னோம். மெஷின் இன்னும் மந்தமானது. அதற்கும் அவர் இன்னும் சில வரிகள் சேர்க்கச் சொன்னார். நானும் புத்திசாலி போலத் தலையாட்டிச் சேர்த்தேன். மெஷின் தன் வேலையைவிட, வேலையைப் பற்றிப் பேசுவதிலேயே பொழுதைக் கழித்தது.

கடைசியில் ரோசலின்தான் பொறுமை இழந்தாள். ஒவ்வொரு வரியாகத் தொட்டு, "இதை யாரு படிக்கா?" என்று கேட்டாள்.

"கடலை தின்னுதவங்க" என்றேன்.

"அப்போ எடுத்திருவோம்."

இரண்டே வகை வரிகளை வைத்துக்கொண்டோம். கோளாறு வந்தால் ஒன்று, சரியானால் ஒன்று. மற்றதெல்லாம் காகிதத்துக்கு வராமல் மெஷினின் நினைவகத்தில் ஒரு மூலையில் கிடக்கட்டும், இடம் நிறைந்தால் பழையதன் மேலேயே புதியது எழுதிக்கொள்ளட்டும், தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம் என்பது அவள் யோசனை. மானிட்டரைத் திருத்தி, அதைக் காகித நாடாவில் துளைகளாக அடித்து, மெஷினில் ஏற்றி ஓட்டினோம்.

டெலிபிரிண்டர் அடங்கியது. அந்த அறையில் ஏ.சி.யின் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கடலுக்குள் தலையை முக்கியது போல இருந்தது. மேனேஜர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "ஏலே, செத்துப்போச்சா?"

"ஓடுது சார்."

"சத்தமே இல்லாம ஓடுதுன்னா எவன் நம்புவான்? நாளைக்கு அவரு வாராரு. பழையபடி பேச வையி."

நான் பழைய நாடா இருந்த பெட்டியை எடுக்கப் போனேன். ரோசலின் நகரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சார், எங்க அப்பா தோணி திரும்பி வரயில, முயல்தீவைத் தாண்டுனதும் ஒரு தடவை பாயை இறக்கி ஏத்துவாரு. அம்மா அதைப் பாத்துட்டு உலை வைக்கப் போயிருவா. ஒவ்வொரு அலைக்கும் சத்தம் போட்டா அவரு எப்போ தோணி ஓட்ட?"

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "அந்தப் பாயாவது வேணும்லா எனக்கு?"

"தாரேன் சார்."

அப்படி வந்ததுதான் அந்தப் புள்ளி. எல்லாம் நலமாக இருந்தால் மெஷின் அவ்வப்போது ஒரே ஒரு புள்ளி அடிக்கும். டிக். அவ்வளவுதான்.

மறுநாள் அதிகாரி வந்தார். பம்பை நிறுத்தச் சொல்லி அவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ரோசலின் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்தது. சென்னைக்காரர் முன்னால் எப்படி அழுவது என்று அடக்கிக்கொண்டேன்.

மெஷின் தங்கியது. அவளும் தங்கினாள். கடலை அண்ணாச்சிக்குத்தான் வருத்தம். "என்ன தம்பி, உங்க மெஷினு இப்பம் பேசவே மாட்டேங்கு? காயிதத்துக்கு நான் எங்க போவ?" என்று வாசலில் மறித்துக் கேட்டார். மேனேஜர் மட்டும் தினமும் காலையில் வந்து, வரிசையாகக் கிடக்கிற புள்ளிகளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

பிறகு புதிய மெஷின் வந்தது. பீரோவைக் காயலான் கடைக்குக் கொடுத்தார்கள். நான் ஊர் மாறினேன். ரோசலின், தானே பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, பல வருடம் கழித்து மகனோடு கடல் கடந்து போனாள். முதலில் நீளமாகக் கடிதம் எழுதினாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும். அதில் அவள் பெயரைத் தவிர ஒரு வார்த்தை இருக்காது. "இவ்வளவு தூரம் அனுப்புறவங்க ரெண்டு வரி எழுதக் கூடாதா?" என்பாள் மனைவி. ஒரு புள்ளி போதும் என்பேன். அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவேன்.

அந்த ஜன்னல் இப்போது இல்லை. பாய்த்தோணிகள் இல்லை, டெலிபிரிண்டரைப் பார்த்தவர்களே குறைந்துவிட்டார்கள். என் ஞாபகத்திலும் பழையதன் மேல் புதியது எழுதிக்கொண்டே போகிறது. அவள் குரல் எப்படியிருக்கும் என்று யோசித்தால் சட்டென்று வருவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை. பொங்கல் வரைக்கும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.