ஆரோக்கியமேரி இப்போது மாவு அரைப்பதில்லை

மூன்றாம் தடவையாக நகங்களைத் தேய்க்கிறார் ஆரோக்கியமேரி. சோப்பு, பிரஷ், பிறகு ஸ்பிரிட். அதற்கப்புறம் அந்தக் கைகள் எதையும் தொடாது. முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். குறுக்கே யாராவது நின்றால், "நக்கோ, நக்கோ, தள்ளிக்கோங்க!" என்று இந்த ஊர் உருதுவும் தமிழும் கலந்து அதட்டல். நான் இந்த ஆய்வுக்கூடத்து நூலகன். எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து தார்நாகாவில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குத் தினமும் நடந்தே வருகிறார். வேலை, கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பது. வேளை தவறாமல் தீனி மாற்ற வேண்டும், சூடு பார்க்க வேண்டும். "என் புள்ளைங்க ரெண்டும் தானா வளந்துச்சு. இதுங்களுக்குத்தான் இத்தனை சீராட்டு!" என்பார்.

இந்தச் செல்கள் அடங்காமல் பெருகுவது அவற்றுக்குள் உருவாகும் ஒரு புரதத்தால்தான், அதை ஒரு மருந்தால் தடுத்தால் பெருக்கம் நிற்கும் என்பது விஞ்ஞானி பாமாவின் கட்சி. சோதனையில் இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறையும் நின்றால்தான் நம்புவேன் என்றுவிட்டார் டைரக்டர். இல்லையென்றால் எண்பத்தாறிலிருந்து பட்ட பாட்டையெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது முறை தட்டுகள் கலங்கிப்போயின. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் அதே கதி. வடிகட்டியைத் திட்டினார்கள், தண்ணீரைத் திட்டினார்கள். மேரிதான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மொட்டு மொட்டாக ஈஸ்ட்! "பாமாம்மா, இது எங்க வீட்டு இட்லி மாவு. ஞாயித்துக்கிழமை கையாலதான் கரைச்சேன், நகத்துக்குள்ள இருந்திருக்கு." யாருக்குத் தோன்றும் இது? தோன்றினாலும் யார் வாய்விட்டு ஒத்துக்கொள்வார்கள்?

அன்றிலிருந்து ஆட்டுக்கல், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் கணவர் சூசைராஜ் பொறுப்பு. "இரும்பைவிட உளுந்து பேஜாரு சார்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். இட்லி கல்லாகத்தான் வருகிறதாம். மேரி குறை சொல்லாமல் சாப்பிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை கடைசி முயற்சியின் முடிவு. மருந்தில்லாத தட்டில் செல்கள் எட்டு மடங்கு. மருந்திட்ட தட்டில் வைத்த அளவேதான். பாமா மேரியின் பக்கத்தில் வந்து நின்றார். "செத்துப்போச்சா மேரி?" செத்திருந்தால் மருந்து வெறும் விஷம், புரதத்தின் கதை பொய். மேரி சாயம் விட்டுப் பார்த்தார். செத்த செல் என்றால் நீலமாகும்.

"ஒண்ணு ரெண்டுதாம்மா நீலம்! மத்ததெல்லாம் உசிரோட இருக்கு, பெருகத்தான் மாட்டேங்குது!"

பாமா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் வெட்கமில்லாமல் கைதட்டினேன். அடேயப்பா, என்ன நாள் அது!

சேதி கேட்டு டைரக்டரே ஓடிவந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். மேரி எழவில்லை. இரண்டாவது எண்ணிக்கை பாதியில் இருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்று டைரக்டருக்குச் சைகை காட்டினார்.