இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

காத்தாயி அம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடிபாட்டு மக்களே, என் மனைவி வசந்தாவுக்கு மூத்திரம் வராமல் போன இரண்டு நாள்களைப் பற்றி எழுதுகிறேன். கோயில் விழா மலரில் அச்சிடத் தகுந்த சொல்தானா என்று விழாக் குழுவினர் யோசிப்பார்கள். தயவுசெய்து மாற்ற வேண்டாம். அப்போது நான் அம்மனிடம் கேட்டது அதைத்தான்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும், எப்படிப் பதில் எழுதினால் மனுதாரர் மறுபடி வரமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கோயிலுக்கு ஆடியில் ஒரு முறை வருவேன். பொங்கல் பொங்கும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் உண்டு.

போன தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், வசந்தாவுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. பாபநாசத்தில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அதைவிடப் பெரிய செய்தி, அவளுக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். அறுபத்தோரு வயதுவரை அது அவளுக்கே தெரியாது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ். கட்டியை மட்டும் வெட்டி மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் இதற்கென்று ரோபோ வந்திருந்தது. அறுவை செய்யும் டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி, அம்மாப்பேட்டைப் பக்கம். தாயார் நடவு நட்டுப் படிக்க வைத்தாராம். நான் கேள்விகளை எண் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். செயற்கை நுண்ணறிவு ஸ்கேனைப் படித்து, கட்டி எங்கே முடிகிறது என்று திரையில் பச்சைக் கோடு போட்டுக் காட்டும். ரோபோவின் கை எதையாவது தொட்டால் அது இளக்கமா கெட்டியா என்பது டாக்டரின் விரலுக்குத் தெரியும்.

"தப்பு நடந்தா யாரும்மா பொறுப்பு? கம்ப்யூட்டரா?"

"கோடு போடுறது அது சார். வெட்டுறது நான். பொறுப்பும் நான்தான்."

பயிற்சிக்கு வைத்திருந்த கைப்பிடியில் என் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். பத்தடி தள்ளி ரோபோவின் கை ஒரு ரப்பர் துண்டை அழுத்தியது. அந்த அழுத்தம் என் விரலில் தெரிந்தது. என் பணிக்காலம் முழுக்க மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் வலி இந்தப் பக்கம் எட்டியதே இல்லை. இதில் எட்டுகிறது. ஆனால் அன்று என் மனத்தில் நின்றது பச்சைக் கோடுதான். எல்லைக்கல் நட்டது போல, கச்சிதம். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வசந்தா ஒப்பவில்லை. "மிஷின் கையில வயித்தைக் கொடுக்கச் சொல்றீங்களா? அம்மா உத்தரவு இல்லாம நான் படுக்க மாட்டேன்" என்றாள்.

பூக்கட்டிப் பார்க்க இருவரும் கோயிலுக்குப் போனோம். முறை உங்களுக்குத் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு. குடும்பத் தலைவன் என்று பூசாரி என்னைக் கட்டச் சொன்னார். தூணுக்குப் பின்னால் போய் இரண்டு வாழையிலைத் துண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வசந்தா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. "உத்தரவு கெடைச்சிடுச்சுங்க" என்று அழுதாள். பணியில் ஒரு கையெழுத்தைக்கூடப் போலியாகப் போட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான். அம்மன் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அறுவை சிகிச்சை. மதியம் டாக்டர் வெளியே வந்தார். கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் நினைத்ததைவிட நேரம் கூடிவிட்டது. வெட்டும்போது சிறுநீரகத்துக்கு ரத்தத்தை நிறுத்தி வைப்பார்கள். கூடுதல் நேரம் நிறுத்தியதில் அது அடங்கிப் போயிருக்கிறது. திரும்ப வேலை செய்ய வேண்டும்.

"ஏன் கூடுச்சு?"

"கோட்டைத் தாண்டி ஒரு இடத்துல கையில கெட்டியா தட்டுச்சு சார். கோடு ஒண்ணுமில்லேங்குது, கை இருக்குங்குது. நான் கையை நம்பி அதையும் சேத்து எடுத்தேன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "கோட்டுல நிக்கிறதுக்குத்தானேம்மா அந்த மிஷினு? நீங்க யாரு அதைத் தாண்ட?"

அவர் கோபிக்கவில்லை. "பயாப்சி வரட்டும் சார். நான் தப்புன்னா என் தப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐசியு-வில் வசந்தாவின் கட்டிலோரம் சிறுநீர்ப் பை தொங்கியது. காலிப் பை. செவ்வாய் முழுக்கக் காலி. புதன் காலையிலும் காலி. நர்ஸ் மணிக்கு ஒரு தரம் குனிந்து பார்த்து, அட்டவணையில் சைபர் போடுவார். என் மைத்துனன் ரவி, வசந்தாவின் தம்பி, "யாருகிட்டயாவது பேசுங்க மாமா, உங்களுக்குத் தெரியாத ஆளா?" என்றான். எல்லா அலுவலகத்திலும் எனக்கு ஆள் உண்டு. இதற்கு யாரிடம் பேசுவது? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு நிற்கத் தெரியாது. என் முன்னால் மற்றவர்கள் நின்றுதான் எனக்குப் பழக்கம்.

புதன்கிழமை பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். வசந்தாவின் முகம் ஊதியிருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, அம்மா உத்தரவு கொடுத்தாளே. அப்புறம் ஏங்க இப்படி?"

அவள் காதருகே குனிந்தேன். "ரெண்டுலயும் வெள்ளைதான் வசந்தா. நான்தான் வச்சேன்" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேரம் முடிந்தது என்று நர்ஸ் கூப்பிட்டார். வசந்தா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க. போயி அவகிட்ட சொல்லுங்க."

ரவியை இருக்க வைத்துவிட்டுப் பாபநாசத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ. வழி நெடுகச் சம்பா அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் பூசாரி விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன சார், மறுபடியும் வந்துட்டீங்க, ஆடிக்கு இன்னும் நாள் கெடக்கே?" என்றார்.

நேராக அம்மன் முன்னால் போய் நின்றேன். வாயிலிருந்து ஆபீஸ் தமிழ்தான் வந்தது. "மேற்படி பூக்கட்டு விஷயத்தில் என்னால் தவறு இழைக்கப்பட்டது" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுபதை நெருங்குகிற ஆள் மூக்கைச் சிந்திக்கொண்டு, இரண்டிலும் வெள்ளைதான் தாயே, இரண்டிலும் வெள்ளைதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூசாரி விளக்கைக் கீழே வைத்தார். "கட்டுறவங்க பாதிப்பேரு இதைச் செய்றாங்க சார். வந்து சொன்னது நீங்கதான். இப்பவாவது முறையா கட்டிப் பாத்துடலாமா?"

"வேண்டாங்க. பயமா இருக்கு" என்றேன்.

சிவப்பு வந்தால் தாங்கிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அதனால் உத்தரவு கேட்கவில்லை, மொட்டை போடுகிறேன், மணி வாங்கித் தருகிறேன் என்று நிபந்தனையும் வைக்கவில்லை. அவளுக்கு மூத்திரம் வரணும் தாயே, எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் பிரார்த்தனை அதுவாகத்தான் இருக்கும்.

உடனே மணி அடித்தது, பூ விழுந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தேன். பை காலி. வியாழக்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். படிக்காமல் போட்டேன். மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே நிறுத்தினார்கள். குழாய்களைப் பிரிக்கும்போது நர்ஸ் வழக்கம்போலக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"சார், இங்க வாங்க. டியூப்ல பாருங்க."

மஞ்சளாக ஒரு துளி நகர்ந்து பைக்குள் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. நானும் டாக்டரும் நர்ஸும் மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லி. டாக்டர் டயாலிசிஸை நிறுத்தி வைக்கச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். நான் அங்கேயே கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தாயே என்றேன்.

அடுத்த வாரம் பயாப்சி முடிவு வந்தது. கோட்டுக்கு வெளியே எடுத்த அந்தத் துண்டிலும் கட்டியின் வேர் இருந்தது. கோட்டில் நின்றிருந்தால் உள்ளேயே தங்கியிருக்கும். டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டது நியாயமான கேள்விதான் சார், எனக்கே பயம்தான்" என்றார். அந்த நேரத்தில் அவர் விரலைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனது யார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதற்கு முன்பே, நான் ஏமாற்றிய பிறகும், அவள் வந்து நின்றிருக்கிறாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அந்த மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காப்பீட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். எழுதி முடித்த பிறகும் அவர்கள் பேசுவார்கள். பேசி முடிக்கும்வரை கேட்கிறேன்.

குடிபாட்டு மக்களே, உங்களுக்கும் ஒரு நாள் செய்வதற்கு எதுவுமே இல்லாமல் போகும். அன்று அம்மனிடம் போங்கள். முன்னால் என்ன செய்திருந்தாலும் போங்கள். பதில் தாமதமாகலாம். காத்திருங்கள்.

வசந்தாவுக்கு மிஞ்சியிருப்பது முக்கால் சிறுநீரகம். அது போதும் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்து, "ஆச்சுங்க" என்று சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் விளக்கேற்றுகிறேன்.